ஓடுகிறான், ஓடுகிறார்

இந்த மாதத்தோடு நான் இந்தக் கதிரையை விட்டு எழும்புகிறேன். எனக்குப் பதிலாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் போன கிழமை கேட்டீர்கள்: "அக்கா, போக முதல் ஏதும் எழுதி வச்சிட்டுப் போங்கோ." பக்கம் அமைப்பதும் விளம்பரத்துக்கு இடம் ஒதுக்குவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். என்னிடம் மிச்சம் இருப்பவை பிழைகள். அவற்றில் ஒன்றை எழுதுகிறேன். அதற்குமேல் எழுதத் தெம்பில்லை. ஓய்வு பெறுகிற வயதில்லை எனக்கு. ஆனால் கைக்குழந்தையோடு வாரப் பத்திரிகையில் வேலை செய்த வருடங்களை இரண்டு மடங்காகத்தான் எண்ண வேண்டும்.

நான் எதையும் ஒருதரம் பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை. கட்டுரையை நான்கு தரம் வாசிப்பேன். பேருந்து ஏறிய பிறகும் 'தலைப்பில் ஒற்று மிகுமா, மிகாதா' என்று யோசித்துக்கொண்டே போவேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன். நான்கு தரம் வாசித்தும் என் கண்ணில் படாத பிழை இது. அதில் எழுத்துப் பிழையே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டன் கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடையொன்றுக்கு மேலே இருந்த இரண்டு அறைதான் எங்கள் பத்திரிகை. ஆசிரியர், நான், விளம்பரம் சேர்க்க ஒருவர். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். என் கணவருக்குப் பகல் ஷிப்ட் வந்தால் அவளும் என்னோடு அலுவலகம் வருவாள். விளையாட்டுப் பக்கம் என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் எடுக்காததுதான்.

அந்தக் கோடையில், எங்கள் ஊர்ப் பெயர்களில் இங்கே இயங்கிய கழகங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தது. அதில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் ரமணன். வயது இருபத்துநான்கு. பின்வரிசையில் விளையாடுபவர். ஆனால் பந்து காலில் பட்டதும் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரணியின் கோல் வரைக்கும் ஓடிவிடுவார். பழைய ஆட்கள் அவரைச் செல்வம் அண்ணையோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். செல்வம் அண்ணை எழுபதுகளில் யாழ்ப்பாணத்தின் பெரிய பின்வரிசை வீரர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் அவருக்குக் 'கதவு' என்று பெயர். அப்போது லண்டனிலேயே, டூட்டிங்கில் ஒரு கடையில் வேலை செய்தார்.

"இறுதி ஆட்டத்துக்கு முதல் அரைப் பக்கம் எழுதும். கதவும் ரமணனும். ஆர் திறம் எண்டு சனம் அடிபடட்டும்" என்றார் ஆசிரியர்.

எழுதினேன். செல்வம் அண்ணையோடு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசினேன். ரமணனின் இரண்டு ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவண்டியோடு நின்று பார்த்தேன். அவரோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஏன் தோன்றவில்லை என்று பிறகு என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை வெளிவந்தது. இறுதி ஆட்டம் அடுத்த கிழமை ஞாயிறு. சனிக்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. ரமணனின் கழகச் செயலாளர்.

"தங்கச்சி, அந்தக் கட்டுரை ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை."

"எண்ணிப் பாத்தனீங்களோ?"

"எதை அண்ணை?"

"ரமணன் ஓடுகிறான், ரமணன் பாய்கிறான், ரமணன் தட்டிப் பறிக்கிறான். இருபத்துமூண்டு இடத்தில 'ஆன்'. செல்வத்தாருக்கு எல்லா இடத்திலயும் 'ஆர்'. ஒரு இடத்தில எண்டாலும் தவறி 'ஆன்' விழேல்ல."

"அது வயசாலதான் அண்ணை. செல்வம் அண்ணைக்கு ஐம்பது. ரமணன் எனக்கே தம்பி மாதிரி. கிட்டவாக் கதைக்கிற மாதிரி இருக்கட்டும் எண்டுதான்..."

"அப்பிடியோ. போன மாசம் மற்றக் கழகத்துக் கோல் கீப்பரைப் பற்றியும் நீங்கள்தானே எழுதினனீங்கள்? அந்தப் பொடியனுக்குப் பத்தொன்பது வயசு. எடுத்துப் பாருங்கோ. நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். 'தடுத்தார்.' 'பாய்ந்து பிடித்தார்.' 'சிரித்துக்கொண்டே சொன்னார்.' பத்தொன்பது வயது. என் கையால் எழுதியது. நானே நான்கு தரம் சரிபார்த்தது.

திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தேன். "நேற்றுப் பின்னேரம் பயிற்சிக்குப் போன இடத்தில மற்றக் கழகத்துப் பொடியள் உங்கட பேப்பரை விரிச்சு வச்சு வாசிச்சவை. 'ஓடுறான் பாரடா, ஓடுறான்' எண்டு. ரமணன் பைனலுக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கழகத்தின் பெயரில் ஊரும் இருந்தது, ஊருக்குள் ஒரு குறிச்சியின் பெயரும் இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் குறிச்சியின் பெயரே போதும். சாதி என்ன என்று அதற்குப் பிறகு கேட்கத் தேவையில்லை. எனக்கும் அது தெரியும். எங்கள் வீட்டு வளவுக்கு வேலைக்கு வந்த ஒருவரை, என் அப்பாவைவிட மூத்தவரை, ஏழு வயதில் நான் பெயர் சொல்லி 'வா' என்றும் 'போ' என்றும் பேசியிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கை மறக்கவில்லை.

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். "நீர் என்ன பிழையா எழுதினனீர்? சின்னப் பொடியன்தானே. வேணுமெண்டே பிரச்சினையை இழுக்கினம்" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். கோல் காப்பாளரைப் பற்றிச் சொன்னதும் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் பழைய இதழையும் புதிய இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கோபிக்கவில்லை.

"நானும்தானே வாசிச்சுவிட்டனான். என்ர கண்ணுக்கும் படேல்லையே" என்றார்.

"மன்னிப்புப் போடுவம் சேர்."

"என்னெண்டு போடுவீர்? மரியாதைக் குறைவு நேர்ந்தது எண்டா, ஏன் நேர்ந்தது எண்டு கேப்பினம். இங்க வளருற பிள்ளையளுக்கு உந்த விசயம் தெரியாது. நாங்கள் மன்னிப்புப் போட்டுப் படிப்பிச்சுவிட்ட மாதிரிப் போகும். அந்தப் பொடியனின்ர நெத்தியிலயும் ஒட்டினதாப் போகும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுத்துப் பிழை என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றும் சொன்னார். இருபத்துமூன்று எழுத்துப் பிழையை யார் நம்புவார்?

அன்று மத்தியானம் செல்வம் அண்ணையே அழைத்தார். விசயம் டூட்டிங்குக்கும் போய்விட்டது.

"பிள்ளை, ஏன் உதுக்குப்போய் மண்டையை உடைக்கிறாய்? என்னையும் அவன் எண்டு எழுதிவிடன். அலுவல் முடிஞ்சுது."

"அண்ணை, உங்களை எப்பிடி..."

"என்னை 'டேய் கதவு, பூட்டடா' எண்டு கத்தாத சனம் யாழ்ப்பாணத்தில இருக்கே? சாமானைத் தவறவிட்டா இப்பவும் கடை முதலாளி கேக்கிறார், 'என்ன கதவு, திறந்துபோய்க் கிடக்கோ' எண்டு. மைதானத்தில அவர் இவர் இல்லைப் பிள்ளை."

ஆசிரியருக்கு அது பிடித்துவிட்டது. "பாத்தீரே, பெரிய மனுசன். ரெண்டு பேருக்கும் 'ஆன்' போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதும். பகிடியா இருக்கட்டும்."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. உடனே எழுதி அச்செடுத்தேன். எப்போதும்போல நான்கு தரம் வாசித்தேன். ஐந்தாவது தரம் வாசிக்கும்போது, இதை ரமணனிடம் காட்டவில்லையே என்று பட்டது. முதல் கட்டுரைக்கும் அவரிடம் பேசவில்லை. இதற்கும் பேசாமல் அச்சுக்கு அனுப்பப் போகிறேன். செயலாளரை அழைத்து முகவரி கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மகளோடு போனேன். அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு. கதவைத் திறந்தவர் ரமணன்தான். வேலை உடுப்போடு இருந்தார், அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். குனிந்து, தள்ளுவண்டியை முன்பக்கமாகப் பிடித்து, படியில் தூக்கி உள்ளே வைத்தார். தேத்தண்ணி போட்டார். என் கையில் இருந்த தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார்.

"செல்வம் அண்ணை நல்ல மனுசன். ஆனா அக்கா, அவரை 'டேய்' எண்டு கூப்பிட்டது கோட்டுக்குள்ள. கோட்டைத் தாண்டி வெளியில வந்தா அவர் அண்ணை. நான் வெளியில வந்தா ஆர்?"

தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அவர் மரியாதையை விட்டுக்குடுக்கிறார், ஏனெண்டா அவரிட்ட இருக்கு. நான் இன்னும் வாங்கேல்லையே."

பிறகு உள்ளே போய் நான்கு பத்திரிகைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமை இதழ்.

"என்ர பேர் பேப்பரில வருகுது எண்டு சொன்ன உடன வாசிக்காமலே நாலு வாங்கினனான். அம்மாவுக்கு வெட்டி அனுப்ப. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆரிட்டையும் குடுத்துத்தான் வாசிப்பிப்பா. ஆரிட்டக் குடுப்பா எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? படிச்ச ஆக்களிட்ட. அவை என்ர அம்மாவுக்கு முன்னால இருந்து, ரமணன் ஓடுகிறான், ரமணன் பாய்கிறான் எண்டு வாசிக்கோணும். அந்த வாய்க்கு அது நல்ல பழக்கம். அம்மாவின்ர காதுக்கும் பழக்கம். அதுக்கு லண்டனில இருந்து பேப்பர் தேவையில்லை."

மகள் தள்ளுவண்டிக்குள் நெளியத் தொடங்கினாள். இறக்கி நிலத்தில் விட்டேன். ஏதாவது செய்ய வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எல்லா இடத்திலயும் 'ஆர்' எண்டு மாத்தித் திரும்பப் போடுறன். ஆசிரியரோட நான் கதைக்கிறன்" என்றேன்.

"மாத்துங்கோ. ஆனா அது மட்டும் காணாது அக்கா." பத்திரிகையை விரித்து ஒரு பந்தியில் விரலை வைத்தார். "இதை வாசியுங்கோ."

வாசித்தேன். செல்வம் அண்ணை ஆட்டத்தை மூளையால் விளையாடினார், எதிராளியின் மனதைப் படித்தார் என்று எழுதியிருந்தேன். அடுத்த வரி ரமணனைப் பற்றியது. இயற்கை தந்த உடல் வலு, களைக்காத கால்கள், உழைப்பு.

"அவருக்கு மூளை, எனக்குக் கால்" என்றார் ரமணன்.

இளையவர்களே, 'ஆன்' என்பதை 'ஆர்' ஆக்கக் கணினிக்கு ஒரு நிமிடம் போதும். நானும் அதோடு முடிந்துவிடும் என்றுதான் போனேன். வினைச்சொல்லின் வாலைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அந்தப் பந்தியின் எல்லா வினைக்கும் 'ஆர்' போட்டாலும் அது அதே பந்தியாகத்தான் இருந்திருக்கும்.

குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். முதல் கட்டுரைக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன்.

"எப்ப ஓடுறது எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறியள்?"

அவர் நிலத்தில் இருந்த மகளைக் காட்டினார். "இவ இப்ப எந்தப் பக்கம் தவழப்போறா?"

"கதவுப் பக்கம்."

"எப்பிடித் தெரியும்?"

"இடக்கையைத் தூக்கிறாள். தூக்கினா அந்தப் பக்கம்தான் திரும்புவாள்."

"அதுதான். பந்து வாங்கிறவனின்ர தோளைப் பாக்கிறன். தோள் திரும்பினாப் பிறகுதான் கால் திரும்பும். அவன்ர கால் திரும்ப முதல் நான் ஓடத் தொடங்கியிடுவன். பாக்கிற சனத்துக்கு நான் கெதியா ஓடுற மாதிரித் தெரியும். நான் கெதியில்லை அக்கா. எங்கட கழகத்தில என்னைவிடக் கெதியா ஓடுறவை மூண்டு பேர் இருக்கினம். நான் முதல் வெளிக்கிடுறன், அவ்வளவுதான்."

இரண்டு ஆட்டம் பார்த்திருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அலுவலகம் திரும்பியதும் செல்வம் அண்ணையை அழைத்தேன். அவருடைய யோசனையை எடுக்கவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். ரமணன் சொன்னதை அப்படியே சொன்னேன். பின்னால் யாரோ அரிசி மூட்டையை இறக்குகிற சத்தம் கேட்டது.

"ஓம் பிள்ளை. அது எனக்குப் படேல்ல" என்றார்.

"ஒரு கேள்வி அண்ணை. முதல் தரம் கேக்காமல் விட்டனான். ரமணன் உங்களைவிடத் திறமோ?"

"முகத்துக்கு நேர கேக்கிறாய்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் பந்து வருமட்டும் நிண்டனான். அதுதான் கதவு. கதவு போகாது, வாறதைத்தான் மறிக்கும். அவர் பந்து போகப்போற இடத்துக்கு முதலே போறார். நான் விளையாடின காலத்தில அப்பிடி ஒருதருக்கும் யோசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுது. என்ர பேரில எழுது."

புதன்கிழமை புதிய கட்டுரையை ஆசிரியரின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒரே விசயத்தை ரெண்டு கிழமை போடுற பேப்பர் எங்க இருக்கு? அரைப் பக்க விளம்பரம் வேற வந்திருக்கு."

அதுவரை அவர் சொன்னதற்கு நான் மறுத்துப் பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவள். அன்று சொன்னேன்.

"இதைப் போடாட்டி விளையாட்டுப் பக்கம் இனி என்னால ஏலாது சேர்."

"வெருட்டிறீரோ?"

"இல்லை சேர். வெக்கமா இருக்கு. வேற ஒண்டும் இல்லை."

மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். விளம்பரத்தை ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளினார். கட்டுரையின் தலையில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: 'சென்ற இதழில் வந்த கட்டுரை நேர்மையாக அமையாததால் மீண்டும் எழுதப்பட்டது.' என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காத பல விசயங்கள் உண்டு. அந்த வரிக்காக அவ்வளவையும் மறந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அடுத்த சில கிழமைகள் சுகமாக இருக்கவில்லை. ரெய்னர்ஸ் லேனில் ஒரு கலியாண வீட்டில் இவருடைய உறவுக்காரப் பெண்மணி ஒருவர், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, "உந்த ஆக்களுக்கும் இப்ப பக்கம் பக்கமா எழுதுறியளாம். வேற செய்தி இல்லையோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபிறகு நல்ல பதில்கள் நான்கைந்து வந்தன. இந்தத் தொழிலில் அப்படித்தான். எழுதித் திருத்த நேரம் கிடைத்தால் துணிவும் வருகிறது. அதனால் உங்களிடம் நான் துணிந்தவள் போலப் பேச மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு ரமணன் விளையாட வந்தார். அவர் கழகம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. தோள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் முந்தியே வெளிக்கிட்டார். ஆட்டம் முடிந்து கோட்டைக் கடந்து வந்தபோது, பார்க்க வந்திருந்த செல்வம் அண்ணை எழும்பிப் போய்க் கை கொடுத்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

புதிய இதழிலும் ரமணன் நான்கு பிரதி வாங்கியிருந்தார். ஒன்றை வெட்டி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எனக்குப் பயம். மூன்று மாதத்துக்குப் பிறகு கீழே கடைக்குச் சாமான் வாங்க வந்த ரமணன், படியேறி அலுவலகத்துக்கும் வந்தார். கையில் ஒரு நீலக் கடிதம். அம்மா சொல்ல யாரோ எழுதியது.

"வாசியுங்கோ அக்கா. நடுவில இருக்கு."

நல்ல கையெழுத்து. படித்த ஆளின் கையெழுத்து. நடுவில் இப்படி இருந்தது: 'நீ அனுப்பிய பேப்பரைப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் கொடுத்து வாசிப்பித்தேன். முழுக்க வாசித்து முடித்தார். உன்ரை பெயர் காதில் விழுந்தது, அது வேறு யாரோ பெரிய ஆள் என்று இருந்துவிட்டேன். நல்லாக இருக்கிறது, ஆனால் என்ரை மகனைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். அவர் ஓடுகிறார், அவர் யோசிக்கிறார் என்றெல்லாம் வந்தது உன்னைத்தான் என்று பிறகு மாஸ்டர் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொருதரம் முதலில் இருந்து வாசிக்கச் சொன்னேன்.'